மாடிஃபை செய்த காரில் பெட்ரோல் கசிவு: தேடுவதும் சரிசெய்வதும்

மார்கழி மாதம், காலை ஆறு மணி. சாவியைத் திருப்பிய இரண்டாவது நொடியில் பெட்ரோல் வாடை. பானெட்டைத் திறந்தால் எங்கும் ஈரம் இல்லை. பத்து நிமிடம் ஓட்டினால் வாடையும் போய்விடும். மதியம் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டினால், "ஒண்ணும் இல்லையே சார்" என்பார். என் பழைய மாருதி ஜென் மூன்று வாரம் இப்படித்தான் கண்ணாமூச்சி ஆடியது.

அது கார்புரேட்டர் காலத்து ஜென். அதிலிருந்த 993 சிசி இன்ஜினை இறக்கிவிட்டு, மாருதி எஸ்டீமின் 1298 சிசி, 16 வால்வு எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) இன்ஜினை ஏற்றியிருந்தோம். (இன்ஜின் மாற்றுகிறவர்கள் ஆர்டிஓ அனுமதியையும் ஆர்சி பதிவையும் முதலிலேயே முடித்துவிடுங்கள். அது தனிக் கதை.) கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் கொடுக்கும் அழுத்தம் 3 முதல் 5 பிஎஸ்ஐ வரைதான். எம்பிஎஃப்ஐ கேட்பது சுமார் 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐக்கு மேல். ஏறக்குறைய பத்து மடங்கு. இன்ஜின் மாறிவிட்டது, டேங்கிலிருந்து முன்னால் வரும் குழாய் மட்டும் பழையது.

கம்பெனியில் வந்தபடியே இருக்கும் வண்டியில் கசிவு வயதால் வரும். மாடிஃபை செய்த வண்டியில் பொருத்தத்தால் வரும். ஒருவர் செய்த பாகமும் இன்னொருவர் செய்த பாகமும் சேருகிற இடம்தான் ஒழுகும். இந்த வழிகாட்டி முழுக்க அதை வைத்துத்தான். கசிவைத் தேடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, டேங்க் முதல் இன்ஜெக்டர் வரை, அங்கிருந்து மிஞ்சிய பெட்ரோல் திரும்பும் ரிட்டர்ன் குழாய் வழியாகத் திரும்ப டேங்க் வரை கோடு போடுங்கள். கம்பெனி பாகமும் வெளிப்பாகமும் சேரும் ஒவ்வொரு இடத்தையும் வட்டமிடுங்கள். என் ஜென்னில் பதினொரு வட்டம் வந்தது.

முதலில் உயிர், அப்புறம் வண்டி

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகும். ஆக, நம் ஊரில் அது எப்போதும் தயாராகத்தான் இருக்கிறது. காற்றில் ஆவி ஒன்றரை சதவீதத்தைத் தொட்டாலே போதும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் பட்டறைக் குழியின் மேல் வண்டியை நிறுத்தி இந்த வேலையைச் செய்யவே கூடாது. திறந்த வெளியில், சமதளத்தில் செய்யுங்கள்.

ஹோல்டரில் மாட்டும் குண்டு பல்பு வேண்டாம். சூடான பல்பின் மேல் ஒரு துளி பெட்ரோல் விழுந்தால் கண்ணாடி வெடித்து இழை வெளியே வந்துவிடும். பேட்டரியில் எரியும் எல்இடி டார்ச் போதும். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் ஓடுகிறதா என்று எட்டிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் யாராவது சாம்பிராணித் தட்டோடு வண்டியைச் சுற்றி வருவார்கள், அவர்களிடமும் சொல்லிவையுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், 2 கிலோவாவது. அதன் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வாளி உதவாது. பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும். மணல் வாளி நல்லது. நைலான் சட்டை வேண்டாம், பருத்தி போடுங்கள். கைக்கு நைட்ரைல் கையுறை. கூட ஒரு ஆள் அவசியம்.

பெட்ரோல் சொட்டுச்சொட்டாக ஒழுகுகிறது, அல்லது பீய்ச்சி அடிக்கிறது என்றால் கீழே சொல்லும் சோதனை எதுவும் தேவையில்லை. இன்ஜினை அணைத்து, அது ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள். ஓட்டிக்கொண்டு போய்க் காட்டலாம் என்று நினைக்காதீர்கள். பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பம் 300 டிகிரிக்கும் கீழேதான். எக்ஸாஸ்ட் ஹெடர் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

இன்னொரு விஷயம். நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜினும் காமன் ரெயில் டீசலும் இந்த வழிகாட்டிக்குள் வராது. அங்கே அழுத்தம் நூற்றுக்கணக்கான பார், டீசலில் ஆயிரத்துக்கும் மேல். ஊசி முனையளவு கசிவு கையுறையைத் துளைத்துத் தோலுக்குள் போய்விடும். அதை அதற்கான ஆளிடம் விடுங்கள்.

வாடை எப்போது வருகிறது?

கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள். பாதி விடை அதில் இருக்கும்.

குளிர்ந்த காலையில் மட்டும் வந்து, இன்ஜின் சூடானதும் போய்விட்டால், ரப்பர் ஹோஸும் கிளிப்பும் சேரும் இடத்தைச் சந்தேகப்படுங்கள். குளிரில் ரப்பர் இறுகிச் சுருங்கும். சூட்டில் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். மதியம் மெக்கானிக் பார்த்தால் ஒன்றும் தெரியாததற்குக் காரணம் இதுதான்.

ஓட்டி வந்து அணைத்த பத்து நிமிடத்துக்குப் பின் வாடை வந்தால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயிலுக்கு இன்ஜின் சூடு ஏறுகிற நேரம் அது. இன்ஜெக்டர் ஓ-ரிங், ஹெடருக்குப் பக்கத்தில் போகும் ஹோஸ் ஆகியவற்றைப் பாருங்கள். டேங்க் நிரப்பிய அன்று மட்டும், வளைவில் திரும்பும்போது வந்தால் பின்னால் போங்கள்: டேங்கின் மேல் மூடி கேஸ்கெட், பெட்ரோல் ஊற்றும் குழாயின் ரப்பர், மூச்சுக்குழாய். எம்பிஎஃப்ஐக்கு மாற்றும்போது டேங்கில் புதிய பம்ப் வைக்க மூடியை வெட்டியிருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். டிக்கியில் சர்ஜ் டேங்க் (பம்புக்குப் பெட்ரோல் தட்டாமல் இருக்க வைக்கும் சிறு டேங்க்) வைத்தவர்களுக்கு வாடை கேபினுக்குள்ளேயே அடிக்கும்.

வாடையோடு கரும்புகையும், மைலேஜ் சரிவும், ஐட்லிங்கில் தடுமாற்றமும் சேர்ந்தால் கசிவு வெளியே இல்லை. பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குள் டயஃப்ராம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம். அதன் வாக்குவம் குழாயைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரைத் தூக்கிப் போடவேண்டியதுதான். கூடவே டிப்ஸ்டிக்கை எடுத்து முகருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், எங்கிருந்தோ பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்குகிறது. கசிவை அடைத்துவிட்டு ஆயிலையும் மாற்றவேண்டும். நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

இன்ஜின் ஓடாமல் அழுத்தம் கொடுப்பது

பலரும் இன்ஜினை ஓடவிட்டுத்தான் கசிவைத் தேடுகிறார்கள். பெல்ட் சுற்றுகிறது, ஃபேன் காற்று துளியை உலர்த்துகிறது, ஹெடர் கொதிக்கிறது. ஆபத்தும் அதிகம், தெரிவதும் குறைவு. பம்ப் மட்டும் ஓடினால் போதும்.

முதலில் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கவேண்டும். ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் ஆரம்பிப்பது நல்லது. ரெயில், ரெகுலேட்டர், ஃபில்டர் பக்கம் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை முந்தின நாளே துடைத்துக் காய வைத்துவிடுங்கள். பெட்ரோல் விழுந்த இடத்தில் தூசி கழுவப்பட்டுச் சுத்தமாகத் தெரியும், அதைத் துடைப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் ரெயில் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு, அந்தச் சாக்கெட்டின் 30, 87 ஆகிய இரண்டு துளைகளுக்கும் நடுவே 15 ஆம்பியர் ஃப்யூஸும் ஒரு ஸ்விட்சும் வைத்த ஒயரை மாட்டுங்கள். ஒயர் நீளமாக, ஸ்விட்ச் வண்டிக்கு வெளியே கூட இருப்பவரின் கையில் இருக்கட்டும். வெறும் ஒயரைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் பொறி பறக்கும், அதற்காகத்தான் ஸ்விட்ச். இதெல்லாம் எங்கும் ஈரம் படாதபோதே செய்து முடிக்கவேண்டியது.

ஸ்விட்சைப் போட்டதும் பம்ப் ஓடும் சத்தம் கேட்கும். ஐந்து நிமிடம் ஓடட்டும். இப்போது தாளில் போட்ட வட்டங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். டிஷ்யூ பேப்பரைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் ஒற்றி எடுங்கள். பெட்ரோல் எப்போதும் கீழ்ப்பக்கம்தான் தொங்கும், மேலே பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கண்ணுக்கு எட்டாத இடமென்றால் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லத் தூவுங்கள். ஈரம் பட்ட இடம் சாம்பல் நிறமாகிவிடும். அதிலும் பிடிபடாவிட்டால், பெட்ரோலில் கலக்கும் யூவி சாயமும் யூவி டார்ச்சும் வாங்கலாம். ஆனால் நான் பார்த்தவரை பத்தில் ஒன்பது பவுடரிலேயே மாட்டிக்கொள்ளும்.

ஜென்னில் நான்காவது நிமிடம் மாட்டியது. டேங்கிலிருந்து வரும் இரும்புக் குழாய், இன்ஜின் அறைக்குள் ரப்பர் ஹோஸோடு சேருகிற இடம். கிளிப்புக்குக் கீழே வெண்மையில் ஒரு மெல்லிய சாம்பல் கீற்று, எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி. துளி என்று சொல்லும் அளவுக்குக்கூட இல்லை.

கேஜ் என்ன சொல்கிறது

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் ரெயிலுக்குப் பெட்ரோல் போகும் ஃபீட் லைனில் T வடிவ இணைப்பு போட்டு, அழுத்தத்தைக் காட்டும் ஃப்யூயல் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். வாக்குவம் இணைப்போடு கூடிய ரெகுலேட்டர் உள்ள எஸ்டீம் மாதிரி இன்ஜினில், பம்ப் ஓடி இன்ஜின் ஓடாதபோது 2.7 முதல் 3 பார் காட்டவேண்டும். ஐட்லிங்கில் வாக்குவம் இழுப்பதால் சுமார் 2.1 முதல் 2.6 வரை இறங்கும். பம்பை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்தும் 2 பார் பக்கம் நின்றால் நல்லது. உங்கள் இன்ஜினுக்கான எண்ணை அதன் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

அழுத்தம் வேகமாக இறங்கினால் வழியை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்க்கவேண்டும். பம்பை நிறுத்திய உடனே ரிட்டர்ன் ஹோஸை ரப்பர் உறை போட்ட இடுக்கியால் நசுக்குங்கள். இறங்குவது நின்றால் குற்றவாளி ரெகுலேட்டர். நிற்காவிட்டால், டேங்குக்கும் கேஜுக்கும் நடுவே உள்ள ஃபீட் ஹோஸை நசுக்குங்கள். இப்போது நின்றால் பம்பின் செக் வால்வோ (பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாமல் தடுப்பது), பின்னால் உள்ள குழாயோ. இரண்டையும் அடைத்தும் இறங்கினால் இன்ஜெக்டர் அல்லது ரெயில். ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸையும் உள்ளே பிடிஎஃப்இ (டெஃப்லான்) குழாய் உள்ளதையும் நசுக்கவே கூடாது. மடிந்த தடம் நிமிராது. அதற்கு இணைப்பைக் கழற்றி மாட்டும் மூடிதான் வேண்டும்.

செக் வால்வு மட்டும் பழுதானால் வெளியே எதுவும் ஒழுகாது; காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். அதைக் கசிவென்று நினைத்து ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றியவர்களைத் தெரியும்.

ஹோஸ்

கை வைக்கும் முன் அழுத்தத்தை இறக்கவேண்டும். கசிவு மிகச் சிறியதென்றால், ரிலேயைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ரெயிலில் உள்ளதைக் குடித்துவிட்டு அணைந்துவிடும். அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இணைப்பைச் சுற்றித் துணியை வைத்து மெல்லத் திறங்கள். அப்போதும் கொஞ்சம் கொட்டும்.

கழற்றிய ஹோஸை பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். நான் பிளந்தபோது கிளிப் இருந்த இடத்துக்கு நேர் உள்ளே, நகத்தால் கீறியது போல ஒரு பளபளப்பான கோடு. இரும்புக் குழாய் 8 மி.மீ. புதிய ரெகுலேட்டரின் மூக்கு 9.5 மி.மீ. பொருத்தியவர் இரண்டுக்கும் சேர்த்து 9.5 மி.மீ. ஹோஸ் ஒன்றையே போட்டு, மெலிந்த பக்கம் கிளிப்பை இறுக்கிவிட்டார். பெரிய ஹோஸைச் சிறிய குழாயில் இறுக்கினால் ரப்பருக்குப் போக இடமில்லாமல் மடிப்பு விழும். மடிப்புதான் பெட்ரோலுக்கு வாய்க்கால். கிளிப்பை இன்னும் எவ்வளவு இறுக்கினாலும் மடிப்பு மடிப்புதான்.

ஹோஸின் மேல் எழுத்தையும் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்றிருந்தால் அது கார்புரேட்டருக்கானது. எம்பிஎஃப்ஐக்கு ஆர்9 வேண்டும். அதன் உட்சுவர் ஃப்ளோரோ ரப்பர், அழுத்தம் தாங்கும், ஆவியையும் வெளியே விடாது. டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் ஹோஸ் ஆர்10. ஆர்9ஐ டேங்குக்குள் போட்டால் வெளிச்சுவர் ஊறிக் கரைந்து ஃபில்டரை அடைக்கும். எழுத்தே இல்லாத ஹோஸைக் கடைக்காரர் "இதுவும் அதேதான்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். இன்று பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20. 2023-க்கு முந்தைய வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. இருபது வருடப் பழைய ஹோஸ் இன்னும் சீக்கிரம் வீங்கி வெடிக்கும். இன்ஜின் மாற்றும்போது பழைய ரப்பர் ஒன்றைக்கூட விட்டுவைக்க வேண்டாம்.

அளவு மாறும் இடத்தில் இரண்டு முனைக்கும் இரண்டு அளவு ஹோஸ் போட்டு, நடுவில் படிக்கட்டு போன்ற ஜாயின்டர் வையுங்கள். எனக்கு லேத்தில் பித்தளையில் ஒன்று கடைந்து கொடுத்தார்கள், ஒரு பக்கம் 8, மறுபக்கம் 9.5. முனையில் சிறு மேடு விடச் சொல்லுங்கள், அதுதான் ஹோஸ் நழுவாமல் பிடிக்கும். கிளிப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்காரவேண்டும். மேட்டின் மேலே அல்ல. பட்டையில் துளைகள் வெட்டிய சாதாரண கிளிப் ரப்பரைச் சீவும். பட்டை வழவழப்பாக, ஓரம் மடித்த இன்ஜெக்‌ஷன் கிளிப் கேட்டு வாங்குங்கள்.

மரை சேருகிற இடங்கள்

கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் அதிகம் நடக்கிற தவறு இது. வெளிநாட்டு ரெகுலேட்டர்களில் கேஜ் மாட்டும் துளை பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குல என்பிடி (அமெரிக்க அளவு) மரை. நம் ஊர் பம்ப்செட் கடைகளிலும் லேத்துகளிலும் கிடைப்பதெல்லாம் பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு). முதலாவது அங்குலத்துக்கு 27 மரை, இரண்டாவது 28. மரையின் கோணமும் 60, 55 என்று வேறு. முதல் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், அப்புறம் கெட்டியாகிவிடும், "நல்லா உக்காந்துடுச்சு" என்று தோன்றும். உண்மையில் மரை மரையைத் தின்றுகொண்டிருக்கிறது. டெஃப்லான் டேப்பைச் சுற்றினால் ஒரு மாதம் தள்ளும், அவ்வளவுதான். சரியான மரைக்கு மாற்றி, பெட்ரோல் தாங்கும் மரைப் பசை போடுங்கள். கேஜை ரெயிலிலேயே நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள், அதிர்வில் கழுத்து உடையும்.

ஏஎன் இணைப்பு (ரேஸ் கார்களில் வரும் கூம்பு முனை இணைப்பு) வேறு சாதி. அங்கே மரை இறுக்க மட்டுமே. அடைப்பது 37 டிகிரி சரிவான கூம்பு. அதில் டேப்பும் வேண்டாம், பசையும் வேண்டாம். போட்டால் துணுக்கு உரிந்து இன்ஜெக்டரை அடைக்கும். ஒழுகினால் கூம்பை டார்ச்சில் சுழற்றிப் பாருங்கள். தலைமுடி அளவு கீறல் போதும். பிரேக் குழாய்க்கு விரிக்கும் 45 டிகிரி கருவியால் முனையை விரித்திருந்தால் அது ஒருபோதும் சேராது. சுத்தமான கூம்பைக் கையால் முட்டும்வரை திருகி, இரண்டு ஸ்பேனரால் ஏறத்தாழ கால் சுற்று. அலுமினியத்தை அதற்கு மேல் இறுக்கினால் பிளந்துவிடும். பிடிஎஃப்இ ஹோஸுக்கு அதற்கென்றே உள்ள, உள்ளே வளையம் வைத்த முனைதான் வேண்டும். ரப்பர் ஹோஸுக்கான முனையை அதில் திணித்தால் முதல் நாள் நிற்கும். மூன்றாம் நாள் பிடுங்கிக்கொள்ளும்.

ரெயிலும் இன்ஜெக்டரும்

பெரிய இன்ஜெக்டர் போட்டவர்களும் வெளி ரெயில் வாங்கியவர்களும் உயரத்தை அளக்கவேண்டும். இன்ஜெக்டர் தலை 11 மி.மீ., 14 மி.மீ. என்று இரண்டு அளவில் வரும், நீளமும் மாறும். ரெயிலுக்கு அடியில் வைக்கும் ஸ்பேசர் ஒரு மி.மீ. தடித்திருந்தாலும் ஓ-ரிங் துளையின் விளிம்பில்தான் நிற்கும். வெளியே பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும்.

ஓ-ரிங்கை எப்போதும் புதிதாகப் போடுங்கள், விட்டான் ரப்பரில். ஒரு துளி இன்ஜின் ஆயில் தடவி, இன்ஜெக்டரை லேசாகத் திருகியபடி நேராக அழுத்துங்கள். உலர்வாகத் திணித்தால் ஓ-ரிங் சுருண்டு வெட்டுப்படும். ரெயில் போல்ட்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முடித்தபின் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் திருப்பிப் பாருங்கள். லேசாகச் சுழன்றால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அசையவே அசையாது என்றால் கழற்றிப் பாருங்கள்.

குழாய் போகும் பாதையைப் பற்றி ஒரே ஒரு சொல். இன்ஜின் மவுன்ட்டின் மேல் எப்போதும் கொஞ்சம் ஆடும், அதனால் பாடியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் இடத்தில் இரும்புக் குழாயை நேராக இழுக்காமல் கொஞ்சம் தளர்வாக ஹோஸ் விடுங்கள். ஸ்டீல் பின்னல் ஹோஸ் எதில் உரசினாலும் அரம் மாதிரி அறுக்கும். ரப்பர் வைத்த பிடிப்பான் போட்டு விலக்குங்கள்.

திரும்பவும் சோதனை

முதலில் பழைய ஸ்விட்ச் சோதனையைப் பதினைந்து நிமிடம், குளிர்ந்த இன்ஜினில். அது தேறினால் ரிலேயைத் திரும்ப மாட்டி இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, டார்ச்சோடு ஒரு சுற்று. அப்புறம் இருபது நிமிடம் ஓட்டிவந்து அணைத்து, பத்து நிமிடம் காத்திருந்து முகருங்கள். டேங்கை நிரப்பி ஒருமுறை. ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்ட் மார்க்கரால் குறுக்கே ஒரு கோடு போட்டுவைத்தால், கோடு விலகியிருக்கிறதா என்று பானெட் திறக்கும்போதெல்லாம் தெரிந்துவிடும். நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

கடைசிச் சோதனை, வாடை முதலில் வந்த அதே நேரத்தில். ஜென்னுக்கு அது காலை ஆறு மணி. முந்தின ராத்திரி புதிய ஜாயின்டரின் இரண்டு கிளிப்புக்கும் பவுடர் தூவிவிட்டேன். காலையில் சாவியைத் திருப்பி, பம்பின் சத்தம் நின்றதும் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியை மாட்டினேன்.